நிலத்தடி டேங்க் கசிந்தால்: மலைச்சரிவில் எண்ணெய் ஊறிய மண்ணைக் கண்டுபிடித்து அகற்ற முழு வழிகாட்டி

நீலகிரியில் பழைய தேயிலைத் தொழிற்சாலை, எஸ்டேட் ஒர்க்‌ஷாப், பெரிய ஹோட்டல், மூடிக் கிடக்கும் பெட்ரோல் பங்க் என எதை நீங்கள் நடத்தினாலும் சரி, விலைக்கு வாங்கப் போனாலும் சரி, வளாகத்தில் எங்காவது மண்ணுக்குள் ஒரு இரும்பு டேங்க் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. லாரிக்கும் ஜெனரேட்டருக்கும் டீசல், பாய்லருக்கு ஃபர்னஸ் ஆயில், சில இடங்களில் முதலாளி காருக்கென்று தனியாக ஒரு சின்ன பெட்ரோல் டேங்க்கூட இருந்திருக்கும். புதைத்து முப்பது நாற்பது வருடம் ஆன இரும்பு டேங்க், வருடத்தில் பாதி நாள் ஈரமாகவே இருக்கும் அமில மண்ணில் துருப்பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இந்த வேலையைப் பற்றிச் சமவெளியை மனதில் வைத்துச் சொல்பவர்கள், டேங்க்கைச் சுற்றித் தோண்ட வேண்டியதுதான் என்று ஆரம்பிப்பார்கள். மலையில் அப்படி ஆரம்பித்தால் பணமும் போகும், மண்ணும் சுத்தமாகாது. நம் மலையில் மேலே கருப்பான மக்கிய மண், அதற்குக் கீழே செம்மண், அதற்கும் கீழே பாறை இற்றுப்போய் உண்டான வழுவழுப்பான களி. மழைத்தண்ணீர் செம்மண் வழியாகச் சீக்கிரம் இறங்கும், களியில் முட்டியதும் கீழே போக முடியாமல் சரிவை ஒட்டிப் பக்கவாட்டில் நகரும். டீசலும் பெட்ரோலும் தண்ணீரை விட லேசானவை என்பதால் அந்த நீரின் மேல் மிதந்து அதோடு சேர்ந்தே கீழே போய்விடும். டேங்க் இருப்பது ஃபேக்டரி முற்றத்தில் என்றால், எண்ணெய் தலைகாட்டுவது மூன்று மட்டம் கீழே இருக்கும் தேயிலைத் தோட்டத்து ஓரத்திலோ ஊர்க்காரர்கள் குடம் வைத்துப் பிடிக்கிற ஊற்றிலோ ஆக இருக்கலாம். அதனால் முதலில் கீழே நடந்து பாருங்கள். தோண்டுவது அதற்கு ரொம்பப் பின்னால்தான் வருகிறது.

கசிவை நிறுத்துங்கள், உயிரைக் காப்பாற்றுங்கள்

சந்தேகம் வந்த உடனேயே டேங்க்கில் இருக்கும் எண்ணெயை வெளியே எடுத்துவிடுங்கள். ஆய்வு, அனுமதி, லேப் எல்லாம் அப்புறம். டேங்க்கில் எண்ணெய் இருக்கிறவரை ஒவ்வொரு மணி நேரமும் மண்ணுக்குள் போகிற அளவு கூடிக்கொண்டே இருக்கிறது. எண்ணெய் கம்பெனியின் டேங்கர் ஆட்களையோ, தீப்பொறி வராத பம்ப் வைத்திருக்கும் அனுபவப்பட்டவர்களையோ வைத்து உறிஞ்சச் சொல்லுங்கள். சாதாரண மின்மோட்டாரைப் பெட்ரோல் டேங்க் பக்கத்தில் ஓட்டவே கூடாது.

பெட்ரோலும் டீசலும் ஒன்றல்ல. சட்டத்தில் பெட்ரோல் ஏ வகுப்பு, அதாவது 23 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே தீப்பிடிக்கும் ஆவியைக் கொடுப்பது. டீசல் பி வகுப்பு. ஊட்டியின் ஜனவரிக் குளிரில்கூடப் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டுதான் இருக்கும், அந்த ஆவி காற்றை விட மூன்று நான்கு மடங்கு கனம் என்பதால் சரிவில் தண்ணீர் போலவே இறங்கிப் பள்ளத்திலும் சாக்கடையிலும் கீழ் வீட்டு அடித்தளத்திலும் தேங்கும். பெட்ரோல் வாடை அடிக்கிற வீட்டில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது, சுவிட்ச் போடவோ அணைக்கவோ கூடாது, ஆட்களை வெளியே அனுப்பிவிட்டுத் தீயணைப்புத் துறையைக் கூப்பிட வேண்டும். டீசலில் அந்த அவசரம் குறைவு. ஆனால் அது வருடக்கணக்கில் மண்ணை விட்டுப் போகாது.

அப்புறம் ஒரு விஷயம். மண்ணைக் கையில் எடுத்து மூக்கருகே வைத்து முகர்ந்து பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. விட்டுவிடுங்கள். பெட்ரோலில் உள்ள பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். போதாததற்குப் பத்து நிமிடத்தில் மூக்கு மரத்துப்போய் வாடையே இல்லை என்று சொல்ல ஆரம்பித்துவிடும்.

பழைய கணக்கும் பழைய ஆட்களும்

எத்தனை டேங்க், எவ்வளவு கொள்ளளவு, எந்த வருடம் புதைத்தது, குழாய் எந்த வழியாகப் போகிறது, இதற்கு முன் வேறு டேங்க் அதே குழியில் இருந்ததா என்பதையெல்லாம் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வரைபடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் ரிட்டயரான லாரி டிரைவர், ஃபிட்டர், வாட்ச்மேன் யாராவது லைன் வீட்டிலோ பக்கத்து ஊரிலோ இருப்பார்கள். அவர்களைக் கூட்டிவந்து இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். எண்ணெய் ஊற்றும் வாய் எங்கே இருந்தது, எத்தனை தடவை வழிந்தது, குழாயை எப்போது மாற்றினார்கள் என்பதெல்லாம் எந்தக் கருவியும் சொல்லாத தகவல்கள். டேங்க்கின் உடலை விடக் குழாய் இணைப்புகளிலும், நிரப்பும்போது வழிவதிலும்தான் அதிகம் கசிகிறது என்பதால் இந்த விவரங்கள் நேராக வேலைக்கு உதவும்.

அடுத்தது, டேங்க்குக்குள் கோலை இறக்கி எண்ணெய் மட்டம் பார்த்து எழுதும் அளவுக்கோல் பதிவேடு. வாங்கியது, செலவானது, மிச்சம் மூன்றும் மாதாமாதம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. வெயிலில் கிடந்த டீசல் லோடு கோவைப் பக்கமிருந்து மேலே வந்து குளிர்ந்த மண்ணுக்குள் இறங்கும்போது சுருங்கும். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.083 சதவீதம். 10,000 லிட்டர் 12 டிகிரி குளிர்ந்தால் 100 லிட்டர் குறைந்ததாகக் கோல் காட்டும். இது கசிவல்ல. லோடு இறங்கிய ஓரிரு நாளில் குறைந்து அதற்கப்புறம் நின்றுவிட்டால் குளிர்ச்சிதான் காரணம். டேங்க்கைப் பூட்டி, யாரும் எடுக்காமல் வைத்து, வெப்பநிலை நிலைத்த பிறகும் குறைந்துகொண்டே போனால் ஓட்டைதான்.

கோலின் நுனியில் தண்ணீரைக் காட்டும் பசையைத் தடவி இறக்கிப் பாருங்கள். தண்ணீர் பட்ட உயரம் வரை பசை நிறம் மாறும். ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் அடியில் தண்ணீர் ஏறுகிறது என்றால், வெளியே இருந்து உள்ளே வர வழி இருக்கிறது, அப்படியானால் உள்ளே இருந்து வெளியே போகவும் வழி இருக்கிறது. ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கக் காற்றழுத்தம் ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எண்ணெய் ஆவி இருக்கும் டேங்க்கில் அது வெடி வைப்பதற்குச் சமம்.

சரிவில் கீழே நடப்பது

முழுக் காரியத்திலும் செலவே இல்லாத, அதே நேரம் அதிகம் சொல்லித்தருகிற வேலை இதுதான். நல்ல மழை பெய்த மறுநாள் காலையில், டேங்க் இருக்கும் இடத்திலிருந்து தண்ணீர் எப்படி ஓடுமோ அப்படியே கீழே நடங்கள். முதலில் தடுப்புச் சுவர்கள். சுவரில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகள் ஒவ்வொன்றையும் பாருங்கள். கறுத்த கோடு, பிசுபிசுப்பு, பாசி பிடிக்காமல் செத்துக் கிடக்கும் பட்டை எல்லாம் அடையாளம். பிறகு தோட்டத்து வெட்டு ஓரங்கள், ரோட்டோரக் கால்வாய், சதுப்பு, ஊற்று, கிணறு, ஓடை. வழியில் தேயிலைச் செடி ஒரு பட்டையாக மட்டும் மஞ்சளடித்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊற்று ஓரத்தில் தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் படலம் தெரிந்தால் உடனே எண்ணெய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நம் செம்மண்ணில் இரும்பு அதிகம். இரும்பைத் தின்று வாழும் பாக்டீரியா அசைவில்லாத தண்ணீரில் அச்சு அசலாக எண்ணெய் மாதிரியே ஒரு படலம் போடும், அடியில் ஆரஞ்சு நிறத்தில் கொழகொழவென்று துருச்சேறு இருக்கும். ஒரு குச்சியை எடுத்துப் படலத்தைக் கிளறுங்கள். பாக்டீரியாப் படலம் என்றால் அப்பளம் நொறுங்குவது போலக் கோணல்மாணலான துண்டுகளாக உடைந்து, துண்டுகள் தனித்தனியே அப்படியே நிற்கும். எண்ணெய் என்றால் குச்சிக்கு விலகிச் சுழன்று, குச்சியை எடுத்ததும் மறுபடி ஒன்றாகச் சேர்ந்துவிடும். இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதும் உண்டு. சந்தேகமாக இருந்தால் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் எடுத்து லேப்புக்கு அனுப்புங்கள்.

எண்ணெய்தான் என்று தெரிந்த நிமிடமே அந்த ஊற்றைக் குடிக்கப் பயன்படுத்துபவர்களிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். ஊராட்சிக்கும் எழுதிக் கொடுங்கள். லேப் ரிசல்ட் வரட்டும், அதிகாரிகள் வரட்டும் என்று காத்திருக்க உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. குழந்தைகள் குடிக்கிற தண்ணீர் அது. முடிவு வரும்வரை மாற்றுத் தண்ணீர் உங்கள் செலவில் போக வேண்டும். குன்னூர் ஆறும் காட்டேரி ஆறும் கடைசியில் பவானியில்தான் சேர்கின்றன, மேட்டுப்பாளையத்தைத் தாண்டியும் அந்தத் தண்ணீரைக் குடிக்கும் ஊர்கள் இருக்கின்றன என்பதையும் மனதில் வையுங்கள்.

யாரிடம் அனுமதி

இதில் குறுக்கு வழி தேடாதீர்கள். நீலகிரியில் ஜேசிபி, பொக்லைன் இறக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஆழ்துளை போடவும் கட்டுப்பாடு உண்டு, எனவே ஆய்வுக்காக மெஷின் வைத்து ஆழமாகத் துளையிடுவதாக இருந்தாலும் முன்பே கேட்டுவிடுங்கள். உரிமம் பெற்ற பெட்ரோலிய டேங்க் என்றால் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்புக்கு, சுருக்கமாகப் பெசோ, எழுதித் தெரிவிக்க வேண்டும். எண்ணெய் ஊறிய மண் 2016 ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வரும் என்பதால் மாசுக் கட்டுப்பாடு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திடம் ஆரம்பத்திலேயே பேசுங்கள். மாசடைந்த இடங்களுக்கென்றே 2025 இல் மத்திய அரசு தனி விதிகளும் கொண்டுவந்திருக்கிறது. பக்கத்தில் காப்புக்காடு இருந்தால் வனத்துறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாக் கடிதத்திலும் ஒரே வரைபடத்தை, ஒரே அளவுகளை இணைத்து அனுப்பினால் பாதிச் சந்தேகக் கேள்விகள் வராது.

எந்த மாதத்தில் செய்வது

ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் பெய்தது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைதான் ஆபத்து. 2009 நவம்பர் மண்சரிவுகளை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மழைக்காலத்தில் திறந்த குழி என்றால் சரிவு, எண்ணெய் கலந்த தண்ணீர் பெருக்கெடுப்பது என்று இரண்டு பக்கமும் அடி. இன்னொன்றும் உண்டு. காலியாக்கிய 10,000 லிட்டர் டேங்க்கைச் சுற்றி முழுக்கத் தண்ணீர் நின்றால் அதைக் கிட்டத்தட்ட 10 டன் விசை மேலே தள்ளும். மேல்மண்ணும் தளமும் பலமில்லை என்றால் டேங்க் மண்ணைப் பிளந்துகொண்டு எழும்பும், குழாய்கள் முறியும். எண்ணெயை எடுத்தபின் மழைக்காலம் வரை அப்படியே விட்டுவைக்கும் நிலை வந்தால், இதைப் பொறியாளரிடம் கட்டாயம் கேளுங்கள்.

துளையிட்டு மாதிரி எடுப்பது

கையால் திருகி மண்ணைத் துளைக்கும் ஆகர் என்ற கருவி இருந்தாலே செம்மண்ணில் நாலைந்து மீட்டர் போகலாம். பாறை முண்டு தட்டினால் அரை மீட்டர் தள்ளிப் போட்டுப் பாருங்கள். முதல் துளை டேங்க்குக்கு மேட்டுப் பக்கம், எந்த எண்ணெயும் பட வாய்ப்பில்லாத இடத்தில். உங்கள் மண்ணின் இயல்பு என்ன என்பதை இதுதான் சொல்லும். அடுத்தவை நிரப்பும் வாய் அருகே, டேங்க்கின் இரண்டு முனைகளிலும், குழாய் போகும் வழியில் ஒவ்வொரு இணைப்பின் பக்கத்திலும், பம்ப் நின்ற இடத்தில். பிறகு சரிவில் விசிறி மாதிரி விரித்துக் கீழே போங்கள். சுத்தமான துளை கிடைக்கும் வரை நிறுத்தக் கூடாது. குழாய் போட்ட பள்ளத்தில் நிரப்பிய மணல் எண்ணெய்க்கு ஒரு வாய்க்காலாகவே ஆகிவிடும், அது சரிவுக்குக் குறுக்கே போயிருந்தால் எண்ணெயும் குறுக்கே போயிருக்கும். டேங்க்கின் உடம்பிலும் உயிருள்ள மின்கேபிளிலும் துளை போட்டுவிடாதபடி இடத்தை முன்பே சுண்ணாம்பால் குறித்து வைப்பது நல்லது.

ஒவ்வொரு அரை மீட்டருக்கும் வெளிவரும் மண்ணைச் சில்பாலின் விரிப்பில் வரிசையாக வைத்து நிறம், ஈரம், களியா மணலா என்று எழுதி, அளவுகோல் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுங்கள். செம்மண்ணில் எண்ணெய் நின்ற இடம் பச்சை கலந்த சாம்பல் நிறமாக மாறியிருப்பதைப் பார்க்கலாம், அங்கே காற்று இல்லாமல் இரும்பின் நிலையே மாறிவிடுகிறது. செம்மண் முடிந்து களி ஆரம்பிக்கும் ஆழத்தை ஒவ்வொரு துளையிலும் கட்டாயம் குறியுங்கள். எண்ணெய் பயணம் செய்யும் பாதை பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான்.

இடத்திலேயே சோதிக்க இரண்டு வழி. ஒன்று, கண்ணாடி ஜாடியில் பாதி மண் போட்டு வாயை அலுமினியத் தாளால் மூடி, நன்றாகக் குலுக்கி, பத்துப் பதினைந்து நிமிடம் மிதமான சூட்டில் வைத்து, ஆவியை அளக்கும் பிஐடி மீட்டரின் நுனியைத் தாளில் குத்தி அளவைப் பார்ப்பது. பெட்ரோலுக்கு அருமையாக வேலை செய்யும். பழைய டீசல் அவ்வளவாக ஆவியாகாது, மீட்டர் குறைவாகக் காட்டியது என்பதற்காக மண் சுத்தம் என்று நம்பிவிடாதீர்கள், அதுவும் ஊட்டிக் குளிரில் ஜாடியைச் சூடு காட்டாமல் அளந்தால் எதுவுமே காட்டாது. இரண்டாவது, ஜாடியில் மண்ணும் சுத்தமான தண்ணீரும் போட்டுக் குலுக்கி, தெளிந்ததும் மேலே படலம் இருக்கிறதா என்று பார்ப்பது. டீசலுக்கு இதுதான் கை கொடுக்கும்.

லேப்புக்குப் போகும் மாதிரி கண்ணாடிப் பாட்டிலில், உள்ளே டெஃப்லான் வைத்த மூடியோடு, காலி இடம் இல்லாமல் அழுத்தி நிரப்பி, ஐஸ் பெட்டியில் 4 டிகிரி அளவில் போக வேண்டும். பிளாஸ்டிக் கவரில் கட்டி அனுப்பினால் ரிசல்ட்டுக்கு மதிப்பில்லை. நாலு துளை மண்ணைக் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பிப் பணம் மிச்சம் பிடிப்பதும் வேண்டாம், ஆவியாகக்கூடியது எல்லாம் கலக்கும்போதே போய்விடும். கோவையில், லேப்களின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற லேப்கள் இருக்கின்றன. காலையில் எடுத்ததைச் சாயங்காலத்துக்குள் சேர்த்துவிடலாம். யார் எடுத்தது, யார் கொண்டுபோனது, எத்தனை மணிக்கு யார் வாங்கியது என்று கையெழுத்தோடு ஒரு தாள் கூடவே போகட்டும்.

என்ன கேட்பது? டீசல், ஃபர்னஸ் ஆயில் என்றால் மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், நாப்தலீன் வகை பல வளைய ஹைட்ரோகார்பன்கள். பெட்ரோல் என்றால் பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் நாலும் அவசியம். இந்தியா முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நின்றது 2000 பிப்ரவரியில்தான், அதற்கு முந்தைய டேங்க் என்றால் ஈயத்தையும் சேர்த்துக் கேளுங்கள். நம் மேல்மண்ணில் மக்கிய பொருள் ஏராளம், அதிலுள்ள இயற்கையான மெழுகையும் கொழுப்பையும் சேர்த்தே லேப் எண்ணெய்க் கணக்கில் எழுதிவிடும். சிலிகா ஜெல்லில் வடித்துச் செய்யச் சொல்லிக் கேளுங்கள், மேட்டுப் பக்கத்துச் சுத்தமான மாதிரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதைக் கேட்காமல் விட்டு, சுத்தமான கருப்பு மேல்மண்ணை லாரி லாரியாக அனுப்பிப் பணத்தைத் தொலைப்பது சுலபம்.

எவ்வளவு மண் என்று கணக்குப் போடுவது

துளைகளின் முடிவுகளை வரைபடத்தில் ஏற்றுங்கள். ஒரு சின்ன உதாரணம். 2 மீட்டர் விட்டம், 3.2 மீட்டர் நீளம் உள்ள டேங்க் சுமார் 10,000 லிட்டர் பிடிக்கும். அதைச் சுற்றி 5 மீட்டருக்கு 4 மீட்டர், 3.5 மீட்டர் ஆழம் தோண்டினால் 70 கன மீட்டர், டேங்க்கின் 10 கன மீட்டரைக் கழித்தால் 60. ஈரச் செம்மண் கன மீட்டருக்கு 1.7 டன் என்று வைத்தால் 102 டன். வெட்டிய மண் உப்பும் என்பதால் கொட்டி வைக்க 78 கன மீட்டர் இடம் வேண்டும். 10 டன் டிப்பரில் பத்து பதினோரு நடை, அதுவும் கொண்டை ஊசி வளைவுகளில். நன்றாகக் கவனியுங்கள், இது சுவர்களை நேராக வெட்டி, சரிவில் கீழே போனதைச் சேர்க்காத கணக்கு. இந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் எதைத் தோண்டுவது, எதை அங்கேயே வைத்துச் சரிசெய்வது என்ற பேச்சே ஆரம்பிக்க வேண்டும்.

எந்த அளவுக்குக் கீழே வந்தால் சுத்தம் என்பதை மாசுக் கட்டுப்பாடு வாரியத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நெதர்லாந்தில் கனிம எண்ணெய்க்குக் கிலோ மண்ணில் 5000 மி.கி. தாண்டினால் நடவடிக்கை என்று ஒரு வரம்பு உண்டு, ஆலோசகர்கள் அதைக் காட்டிப் பேசுவார்கள். அது தட்டை நாட்டின் எண். குடிக்கிற ஊற்றுக்கு மேலே இருக்கும் சரிவில் அதை அப்படியே வைத்துக்கொள்ள நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஊற்றுத் தண்ணீரில் பென்சீன் லிட்டருக்கு 0.01 மி.கி.யைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அந்தத் தண்ணீரை வைத்துத்தான் மேலே மண்ணில் எவ்வளவு விடலாம் என்று முடிவு செய்ய வேண்டும்.

டேங்க்கை வெளியே எடுப்பது

இதை அனுபவம் உள்ளவர்களிடம்தான் விட வேண்டும், நீங்கள் செய்ய வேண்டியது அவர்கள் சரியாகச் செய்கிறார்களா என்று பார்ப்பது. மிச்ச எண்ணெயும் அடிச்சேறும் உறிஞ்சி டிரம்மில் மூடப்பட வேண்டும். பெட்ரோல் டேங்க் என்றால் உள்ளே இருக்கும் ஆவியை வெளியேற்ற வேண்டும் அல்லது உலர் பனிக்கட்டி போட்டு ஆக்சிஜனை விரட்ட வேண்டும், 1000 லிட்டர் கொள்ளளவுக்கு ஏறக்குறைய 2 கிலோ. அப்புறம் வாயு மீட்டரை மேலே, நடுவே, அடியில் என்று மூன்று மட்டத்திலும் இறக்கி அளந்து எழுதி வைக்க வேண்டும். உலர் பனியிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடும் கனமானது, குழிக்குள் தேங்கி ஆளைச் சாய்த்துவிடும். டேங்க்குக்குள் ஒருவரும் இறங்கக் கூடாது. சேறு அள்ள ஒரு நிமிடம் இறங்கி ஏறுகிறேன் என்று சொல்பவரையும் விடாதீர்கள், அவரைத் தூக்க இறங்குகிற இரண்டாவது ஆளும் சேர்ந்து போய்விடுவார். குழிக்குள் வெல்டிங், கட்டர் இரண்டுக்கும் இடமில்லை, குழாயைக் கையால் கழற்ற வேண்டும்.

தூக்கியதும் டேங்க்கின் அடிப்பக்கத்தைத் துடைத்து ஓட்டைகளைத் தேடிச் சாக்பீஸால் வட்டமிட்டுப் போட்டோ எடுங்கள். அளவுக்கோல் வருடக்கணக்கில் இறங்கி இடித்த இடத்திலேயே, நிரப்பும் வாய்க்கு நேர் கீழே, தகடு தேய்ந்து ஓட்டை விழுவது வழக்கம். ஓட்டை எங்கேயோ, அதற்கு நேர் கீழ் மண்ணில்தான் உங்கள் அடுத்த மாதிரி.

தோண்டுவது

மலையில் ஆள் சாவது பெரும்பாலும் எண்ணெயால் அல்ல, மண்ணால். 2024 பிப்ரவரியில் ஊட்டி லவ்டேல் அருகே வீட்டு வேலைக்கு மண் தோண்டிய இடத்தில் மேலே இருந்த பழைய கட்டடம் இடிந்து விழுந்து ஆறு பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த வேலையும் இதுபோலச் சின்ன வேலையாகத்தான் தெரிந்திருக்கும். ஒன்றரை மீட்டருக்கு மேல் நேர்ச்சுவராக வெட்டாதீர்கள், ஈரமாக இருந்தால் அந்த அளவும் கூடாது. பக்கங்களைச் சாய்வாக வெட்ட இடமில்லை என்றால் முட்டுக் கொடுக்க வேண்டும். குழிக்கு மேலே தடுப்புச் சுவரோ வீடோ இருந்தால் கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்க்காமல் ஒரு கூடை மண்கூட எடுக்க வேண்டாம். எடுத்த மண்ணைக் குழி விளிம்பிலோ சரிவின் ஓரத்திலோ குவிக்காதீர்கள், அந்தப் பாரமே சரிவைக் கிளப்பிவிடும்.

மேலே இருக்கும் சுத்தமான மண்ணைத் தனிக் குவியலாக எடுத்து வையுங்கள், திரும்ப நிரப்பப் பயன்படும். எண்ணெய் மண் தனிக் குவியல், சந்தேக மண் மூன்றாவது குவியல். மூன்றுக்கும் அடியில் கனமான சில்பாலின், சுற்றிலும் மணல் மூட்டை வரப்பு, மேலே மூடி கயிறு கட்டிவிடுங்கள். மேட்டுப் பக்கம் ஒரு கால்வாய் வெட்டி மழைத்தண்ணீரைத் திருப்பிவிட்டால் குழியும் தப்பும், குவியலும் தப்பும். குழியில் தேங்கும் தண்ணீரை ஓடைக்கு இறைக்கக் கூடாது. மிதக்கும் எண்ணெயை உறிஞ்சும் விரிப்பு வைத்து எடுத்து, தண்ணீரை டேங்கில் சேமித்து, சோதனை செய்த பிறகே என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். வேலை செய்பவர்களுக்கு ரப்பர் கையுறை, கம்பூட், பெட்ரோல் என்றால் ஆவிக்கான வடிகட்டி வைத்த முகமூடி வாங்கிக் கொடுங்கள். துணியைக் கட்டிக்கொண்டால் தூசி நிற்கும், ஆவி நிற்காது.

குழியின் நாலு சுவரிலும் ஒவ்வொரு மாதிரி, அடியில் டேங்க் முனைகளுக்குக் கீழே இரண்டு, குழாய்ப் பள்ளத்தில் சில மீட்டருக்கு ஒன்று. கீழ்ச் சரிவுச் சுவரில் மட்டும் கூடுதலாக, செம்மண்ணும் களியும் சேரும் கோட்டிலேயே எடுங்கள். மேலோட்டமாகச் சுரண்டாமல் ஒரு சாண் உள்ளே போய் எடுக்க வேண்டும். முடிவு வரும்வரை குழியை மூட அவசரப்படாதீர்கள். ஜேசிபி வாடகை ஓடுகிறது என்று மூடிவிட்டு மறுபடி திறப்பவர்கள் இரண்டு மடங்கு செலவழிக்கிறார்கள்.

கட்டடத்துக்கு அடியில் எண்ணெய் போயிருந்தால் அதைத் துரத்திக்கொண்டு அஸ்திவாரத்தைக் குடையாதீர்கள். எவ்வளவு, எங்கே விட்டிருக்கிறோம் என்று எழுதி, வாரியத்திடம் சொல்லி, கீழ்ப்பக்கம் சரளை நிரப்பிய ஒரு தடுப்புப் பள்ளமும் சேகரிப்புக் குழியும் வைத்துப் பிடிப்பதுதான் நல்லது.

மண் எங்கே போகும்

ரோடு நிரப்ப, வீட்டு மனை மேடாக்க, தோட்டத்து ஓரத்தில் கொட்ட என்று யாராவது இலவசமாகவே கேட்பார்கள். கொடுத்தீர்கள் என்றால் ஒரு இடத்துப் பிரச்சினை ஐந்து இடத்துப் பிரச்சினை ஆகிவிடும், எல்லாவற்றுக்கும் பொறுப்பு உங்கள் பெயரில். முறையான வழி, அனுமதி பெற்ற வாகனத்தில், படிவம் 10 எனும் கழிவு அனுப்பீட்டுச் சீட்டோடு, கும்மிடிப்பூண்டியில் இருக்கும் அபாயகரக் கழிவு மையம் போன்ற அங்கீகாரம் பெற்ற இடத்துக்கு அனுப்புவது. எண்ணெய் அளவு பொருத்தமாக இருந்தால் அனுமதி உள்ள சிமென்ட் ஆலை சூளையிலும் எரிக்கலாம். கழிவை வளாகத்தில் 90 நாளுக்கு மேல் வைத்திருக்க விதி இடம் தராது, அதனால் எங்கே அனுப்புவது என்பதைத் தோண்டும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். மலையிறங்கும்போது டிப்பருக்கு மேலே தார்ப்பாய் இறுக்கமாக இருக்கிறதா, பின்கதவில் கசிவு இருக்கிறதா என்று நீங்களே பார்த்து அனுப்புங்கள்.

டீசல் மண்ணை வாரியத்தின் அனுமதியோடு வளாகத்திலேயே பாக்டீரியா வைத்துச் சுத்தம் செய்வதும் நடக்கும். டெல்லியில் உள்ள டெரி என்ற ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ஆயில்சாப்பர் பாக்டீரியாக் கலவை நம் நாட்டில் எண்ணெய்க் கிணற்றுக் கழிவுகளுக்கு ரொம்ப காலமாகப் பயன்படுகிறது. ஆனால் மலையில் மூன்று தடை. ஒன்று, தேயிலை மண்ணின் அமிலத்தன்மை. பிஎச் 4.5 முதல் 5.5 வரை இருக்கும், இந்த பாக்டீரியாக்களுக்கு 6 முதல் 8 வரை வேண்டும். அமிலத்தைக் குறைக்க எஸ்டேட்டில் தேயிலைக்குப் போடும் டோலமைட்டே இதற்கும் போதும், சோதித்துச் சோதித்துப் போடுங்கள். இரண்டாவது, களிமண்ணில் காற்றுப் போகாது. தென்னை நார்க்கழிவு கலந்து, நடுவில் துளையிட்ட குழாய் படுக்கவைத்து, குவியலை வாராவாரம் புரட்டினால் மாறும். மூன்றாவது குளிர். 10 டிகிரிக்குக் கீழே பாக்டீரியா கிட்டத்தட்டத் தூங்கிவிடும், உறைபனி மாதங்களில் முன்னேற்றம் எதிர்பார்க்காதீர்கள். உரம் கார்பன் 100 பங்குக்கு நைட்ரஜன் 10, பாஸ்பரஸ் 1 என்ற கணக்கில். மழைக்கு மேலே கூரை இல்லாமல் இதை ஆரம்பிக்கவே கூடாது, எண்ணெயும் உரமும் சேர்ந்து ஓடைக்குப் போய்விடும். குன்னூர், கோத்தகிரியின் கீழ்மட்டங்களில் ஓரளவு வேகமாக நடக்கும். ஊட்டியில் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பெட்ரோல் மண்ணுக்கு இந்த முறை வேண்டாம், புரட்டும்போது பென்சீன் எல்லாம் காற்றுக்குத்தான் போகும்.

குழியை மூடியதும்

சுத்தமான மண்ணை ஒரு அடிக்கும் குறைவான அடுக்குகளாகப் போட்டு ஒவ்வொன்றையும் திம்சு வைத்து இடித்து நிரப்புங்கள். தளர்வாகக் கொட்டி மூடிய குழி முதல் மழையிலேயே தண்ணீரைக் குடித்து ஊதிக் கீழ்ச் சுவரைத் தள்ளும். மேலே சரிவுக்கு ஏற்ற வடிகால் வெட்டி, புல் பத்தை பதித்துவிடுங்கள்.

ஊற்றிலும் ஓடையிலும் தண்ணீர் மாதிரி எடுப்பதை, வேலைக்கு முன் ஒருமுறை, தென்மேற்கு மழை ஆரம்பித்த பின், வடகிழக்கு மழைக்குப் பின் என்று இரண்டு வருடமாவது தொடருங்கள். மண்ணில் ஒட்டியிருந்த மிச்சம் பெருமழையில்தான் கிளம்பி வரும், கோடையில் எடுத்த சுத்தமான ரிசல்ட் ஒன்றை வைத்து எதையும் முடிக்க முடியாது. ஊருக்குக் கொடுக்கும் மாற்றுத் தண்ணீரை நிறுத்துவது, தொடர்ந்து இரண்டு முறை சுத்தம் என்று வந்து, அதில் ஒன்றாவது பலத்த மழைக்கு அடுத்த நாட்களில் எடுத்ததாக இருந்தால் மட்டும். அந்த ரிப்போர்ட்டின் நகலை ஊர்த் தலைவரிடமும் ஊராட்சியிலும் கொடுத்துக் கையெழுத்து வாங்கி, டேங்க் இருந்த இடத்தின் வரைபடத்தையும் விட்டுவைத்த மண்ணின் விவரத்தையும் சொத்துப் பத்திரங்களோடு ஒரே ஃபைலில் சேர்த்து வையுங்கள். நாளைக்கு அங்கே கட்டடம் கட்ட வருபவருக்கு அது வேண்டும்.